மூக்குக்காரரின் மூன்று நிமிடம்

கணினி பழுது பார்க்கிறவர்கள் முதலில் திருப்புளியை எடுப்பார்கள். எங்கள் தெரு மூக்குக்காரர் முதலில் மூக்கைத்தான் நீட்டுவார். பெட்டியை மேசையில் வைத்ததும் பின்பக்கத்து விசிறிக்கு நேராகக் குனிவார், கண்ணை மூடுவார், ஒரே ஒரு மூச்சு இழுப்பார். "பவர் சப்ளைல கப்பாசிட்டர் கசியுது" என்பார். திறந்து பார்த்தால் கசிந்திருக்கும். "பவர் சப்ளை நல்லாத்தான் இருக்கு, ஒயர் இளகியிருக்கு" என்பார். இளகியிருக்கும். ஒருமுறை ஒரு வக்கீல் கொண்டுவந்த பெட்டியை முகர்ந்துவிட்டு, "பூனைய வேற எடத்துல படுக்கச் சொல்லுங்க சார்" என்றாராம். வக்கீல் வீட்டுப் பூனை ஆறு மாதமாக அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் குளிர் காய்ந்துகொண்டிருந்தது. வக்கீல் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர்தான் மூக்குக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில்கூடக் கிடையாது.

பிறக்கும்போதே அப்படி ஒரு மூக்கோடு பிறந்துவிடவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மின்சாரத்தை அளந்து பழுதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு மீட்டர்தான் இருந்தது. அதை முதலாளி யாரையும் தொட விடமாட்டார். வேறு வழியில்லாமல் இவர் முகர ஆரம்பித்தார். கம்பிச்சுருள் கருகினால் ஒரு மாதிரி தித்திப்பு கலந்த நெடி. கப்பாசிட்டர் கசிந்தால் பழைய மீன் வாடை. வெறும் தூசி சூடானால் இஸ்திரிப் பெட்டி வாசனை. இப்படி ஒவ்வொன்றாக மனதில் ஏற்றிக்கொண்டார். பிறகு கணினிகள் வந்தன, சொந்தக் கடை வந்தது, மூக்கும் கூடவே வந்தது. இருபத்தாறு வருடம்.

திறமை இருந்தால் கொஞ்சம் திமிரும் இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்கிற மற்ற ரிப்பேர்காரர்களை, "மூக்கு இல்லாதவனுக்குத்தான் மீட்டர்" என்று நக்கலடிப்பார். கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். இருபது வருடமாக இதே வசனம். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் இதை இவரைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். எழுந்து குளிக்கப் போனபோது சோப்பை முகத்தில் தேய்த்தார். ஒரு கல்லைத் தேய்த்த மாதிரி இருந்தது. சளி அடைத்திருக்கும் என்று நினைத்தார். சளி போயிற்று, வாசனை வரவில்லை. யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனார். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. பொறுத்துப் பாருங்க" என்றார். அதைச் சொல்ல எதற்கு டாக்டர் என்று எரிச்சலோடு திரும்பி வந்தார். வழியில் ஒரு மீட்டர் வாங்கினார். அதைக் கடை டிராயரில், பழைய ஒயர்களுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

அதிலிருந்து தினமும் நாடகம்தான். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மீட்டரை எடுத்துச் சோதிப்பார். பெட்டியை வாங்கிப்போக ஆள் வந்ததும், அவர்கள் கண்ணெதிரில் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஏற்கெனவே மீட்டர் சொன்னதை மூக்கு சொன்ன மாதிரிச் சொல்வார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடைய புளுகு எட்டு மாதம் ஓடியது. ஆனால் உள்ளுக்குள் மனுஷன் நடுங்கிக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் தன்னிடம் மூக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று அவருக்கே சந்தேகம். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று பயம்.

மனைவியிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற விஷயம்.

வீட்டின் முன்னறைதான் கடை. அதற்குப் பின்னால் ஒரு நடு அறை, அதற்கும் பின்னால் சமையலறை. மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளை எண்ணி, பிளீச்சிங் போட்ட தண்ணீரில் முக்கி, உலர்ந்ததும் மடித்து வார்டு வார்டாக அனுப்பும் வேலை. ஆஸ்பத்திரியில் அவளைப் பெட்ஷீட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாலு வருடமாக ஒப்பந்த வேலை. விரல் நுனிகள் வெள்ளையாகி, நகத்தோரம் வெடித்து, சில நாள் பட்டன் போடக்கூட முடியாது. முன்பெல்லாம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, திரும்பிப் பார்க்காமல், "வந்துட்டியா" என்பார் மூக்குக்காரர். பிளீச்சிங் வாசனை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும். இந்த எட்டு மாதமாக அவள் உள்ளே வந்து நின்ற பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் பல வருடம் கழித்து ஒரு தேர்வு அறிவித்தார்கள். எழுதித் தேறினால் ஆவணப் பிரிவில் நிரந்தர வேலை. நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளிகளின் கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலை. தண்ணீரில் கை வைக்க வேண்டாம். நாற்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள்தான் எழுதலாம். அவளுக்கு நாற்பத்தைந்து முடிய நாலு மாதம் இருந்தது. "இந்தத் தடவை விட்டா அப்புறம் நான் சாகறவரைக்கும் பெட்ஷீட்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு வேலை முடிந்து வந்து தினமும் மூன்று மணி நேரம் படித்தாள். வெடித்த விரலால் தட்டச்சுப் பழகினாள்.

தேர்வு வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கெடுபிடி அதிகம். எந்தக் கணினியில் எழுதப் போகிறோமோ அதை ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த பிறகு வேறு கணினிக்கு மாற முடியாது. கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, சத்தம் கூடாது, கதவு ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். நடுவில் கணினி நின்றுபோனால் பத்து நிமிடத்துக்குள் திரும்பி உள்ளே வந்துவிட வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் தேர்வு முடிந்தது.

நடு அறையில் இருந்த கணினியைப் பதிவு செய்தார்கள். மூக்குக்காரரே தேர்ந்தெடுத்துக் கோத்த பெட்டி. பதிவு செய்த நாலாம் நாள் அவள் தட்டச்சுப் பழகிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்தது. எந்த அறிவிப்பும் இல்லை, திரை கறுத்தது, விசிறி நின்றது. பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரித் திரும்பக் கிளம்பியது. மறுநாள் இரண்டு தடவை. அதற்கு அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கும் அடுத்த நாள் மூன்று தடவை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான்.

மூக்குக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் தூசியை ஊதித் தள்ளினார். பிராசஸர் சூடாகிறதோ என்று அதன் மேல் சூடு தணிக்கத் தடவியிருந்த பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினார். மெமரியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். சுவரில் இருந்த சாக்கெட்டை மாற்றினார். முகப்புப் பொத்தான் சிக்கிக்கொண்டு தானாகவே அழுந்துகிறதோ என்று அதன் ஒயரை உருவிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்த்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. அணைவது நிற்கவில்லை. மிச்சம் இருந்தது கணினிக்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளைதான். நல்லவேளையாக அதை மாற்றினால் பதிவுக்கு ஒன்றும் ஆகாது.

"புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்களேன் அண்ணே" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"இப்ப வர்ற புதுசுக்குள்ள என்ன தம்பி இருக்கு, வெறும் காத்து. கையில தூக்கினா கடதாசி மாதிரி இருக்கு. என்கிட்ட பழைய கம்பெனி மாலு இருக்கு, கல்லு மாதிரி" என்றார் இவர்.

முன்னறைப் பரணில் பழைய கணினிகளிலிருந்து கழற்றிய பவர் சப்ளைகள் ஏழெட்டு அடுக்கியிருந்தன. முன்பு ஒவ்வொன்றும் உள்ளே வரும்போதே முகர்ந்து பார்த்து, கெட்டதை அன்றைக்கே தூக்கி எறிந்துவிடுவார். பரணில் இருந்தால் அது நல்லது என்று அர்த்தம். காய்ச்சலுக்குப் பிறகு வந்தவற்றைப் பிரிக்காமல் அப்படியே ஏற்றி வைத்திருந்தார். இப்போது எது பழைய நல்லது, எது புதிதாக வந்த சந்தேகத்துக்குரியது என்று அவருக்கே தெரியாது. மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் மனைவி பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அதனால் கனமாக இருந்த ஒன்றை எடுத்து, கண்ணை மூடி முகர்ந்து, "இதுதான்" என்றார். நாளைக்கு அவள் வேலைக்குப் போனதும் மீட்டர் வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மாட்டிய பிறகு ஒன்பது நாள் கணினி அணையவே இல்லை. நாளைக்கு என்று நினைத்தது அடுத்த நாளைக்குப் போனது. ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்திப் பார்ப்பது என்று மனசு சமாதானம் சொன்னது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

பத்தாம் நாள் படித்துக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். "என்னங்க, இது ரொம்ப நேரம் ஓடி சூடானா ஒரு மாதிரி வாடை வருதே."

அவர் வந்து குனிந்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். வெறும் காற்றுதான் உள்ளே போனது. 

"அது ஒண்ணுமில்ல. புதுசா தடவின பேஸ்ட் வாசனை. ரெண்டு நாள்ல போயிடும்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பினாள். அந்தப் பார்வை அவரை என்னவோ செய்தது. ஆனாலும் கடையில் ஒருவர் கூப்பிட்டார், போய்விட்டார்.

தேர்வு மத்தியானம் இரண்டு மணிக்கு. நல்ல வெயில். கதவு ஜன்னல் சாத்தியாயிற்று. மின்விசிறி கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். கேமராக்காரர்கள் அதையும் குற்றமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அவள் அதையும் நிறுத்திவிட்டாள். நெற்றி வேர்வையைத் துடைக்க ஒரு துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க உள்ள வந்துடாதீங்க, என்ன ஆனாலும்" என்றாள். அவர் கடையைப் பாதி சாத்திவிட்டு, நடு அறைக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே அவள் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு விடாமல். பரவாயில்லை, நன்றாகத்தான் எழுதுகிறாள் என்று அவருக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது.

மூன்றே முக்கால் இருக்கும், ஜெராக்ஸ்காரர் பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் நின்று மூக்கைச் சுளித்தார். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஏதோ கருகுற வாடை வருதே. அடுப்புல ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றார்.

மூக்குக்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. அந்த மூடிய அறையில் அவள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இந்த வாடை எவ்வளவு நேரமாக அடிக்கிறதோ, பேசக்கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போனால் இரண்டாவது முகம் கேமராவில் விழும். போகாவிட்டால் என்ன ஆகுமோ. கதவில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அப்போது உள்ளே பட் என்று ஒரு சத்தம் கேட்டது. தட்டும் சத்தம் நின்றது.

கதவைத் திறந்தார். திரை கறுத்திருந்தது. அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், மடித் துணி தரையில் கிடந்தது. "நின்னுடுச்சுங்க. இன்னும் முப்பது கேள்வி இருக்கு" என்றாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு நாப்பத்தெட்டு."

அதற்கப்புறம் அவர் கை பேய் மாதிரி வேலை செய்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கினார், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார், நாலு திருகையும் எடுத்தார், ஒயர்களை உருவினார். செத்த பவர் சப்ளை கையைச் சுட்டது. இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஓடிப்போய்ப் பரணிலிருந்து கனமான இரண்டு பவர் சப்ளைப் பெட்டிகளை இறக்கிக் கொண்டுவந்து கணினி மேசையில் வைத்தார். ஜெராக்ஸ்காரர் நடு அறை வாசற்படியில் வந்து நின்றார். "கவலப்படாதீங்க அக்கா, அண்ணன் மூக்கு இருக்கு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், பாவம்.

மூக்குக்காரர் முதல் பெட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை. இரண்டாவதைத் தூக்கினார். அதிலும் ஒன்றும் இல்லை. ஒருவேளை இந்த நேரத்திலாவது வந்துவிடாதா என்று மறுபடி முதலாவதைத் தூக்கினார். இன்னும் ஆழமாக இழுத்தார், நெஞ்சு வலிக்க இழுத்தார். மீட்டர் கதவுக்கு அந்தப் பக்கம், கடை டிராயரில் கிடந்தது. டிராயரைத் திறந்தால் ஜெராக்ஸ்காரர் பார்ப்பார். மறுபடி இரண்டாவதைத் தூக்கினார்.  அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருதரம் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

கடைசியில் அவர் இரண்டையும் மேசையில் வைத்தார்.

"எனக்கு வரல" என்றார். "எனக்கு எட்டு மாசமா எந்த வாசனையும் வரல. நீ மோந்து பாரு."

அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. முன்னால் வந்து ஒன்றை எடுத்தாள், வைத்தாள். மற்றதை எடுத்தாள். "இது அழுகின மீன் மாதிரி வாடை அடிக்குது. இதுல வெறும் தூசி." பத்து நொடிகூட ஆகவில்லை.

தூசிப் பெட்டியை மாட்டினார். திருகு ஒன்று கை நழுவித் தரையில் உருண்டது. அதை விட்டுவிட்டு மூன்றே திருகில் நிறுத்தினார். ஒயர்களைச் சொருகினார், பிளக்கைப் போட்டார், பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது. திரை வெளுத்தது. அவள் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டினாள், தேர்வுப் பக்கம் திறக்க நேரம் எடுத்தது, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுத்துகள் வந்தன.

உங்கள் தேர்வு முடிவடைந்தது. இடைவெளி: 11 நிமிடம் 20 நொடி.

ஜெராக்ஸ்காரர் எப்போது போனார் என்று தெரியவில்லை. முன்னறைக் கதவு மெதுவாகச் சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது. கணினி சீராக ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவைத்த மாதிரி, அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட அணையவில்லை.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அவர் தரையில் உருண்ட திருகைத் தேடிக் குனிந்தார், அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள் அவள்.

அவர் திருகைத் தேடுவதை நிறுத்தினார்.

"அன்னிக்கு திரிஞ்ச பால்ல டீ போட்டுக் குடிச்சீங்களே. வீடே நாறுது, நீங்க அடி வரைக்கும் குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வச்சீங்க. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. டிராயர்ல மீட்டர் இருக்கறதும் தெரியும்."

"அப்புறம் ஏன் நீ கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

 எட்டு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள் அவள். "அந்த வாடை வந்தப்ப கூப்பிட்டேனே, உங்களால மோந்து பாக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். சாக்கு கெடச்சா, நான் இல்லாதப்ப மீட்டர் வச்சுப் பாத்துடுவீங்கன்னு நெனச்சேன். பேஸ்ட் வாசனன்னு சொன்னப்ப, சரி, முன்னாடியே மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப மூணு நிமிஷம் மோந்துக்கிட்டு நின்னீங்க. நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நின்னேன். குடுங்க இப்படின்னு கையிலேர்ந்து புடுங்கியிருக்கலாம். அந்த ஆள் நின்னுக்கிட்டிருந்தாரு. அவர் முன்னாடி உங்கள விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை, வெடித்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை.

தேர்வுக்காரர்களுக்கு இரண்டு தடவை கடிதம் எழுதினார். குற்றம் என்னுடையது, கணினியைச் சரியாகப் பார்க்காமல் மாட்டியவன் நான், அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று எழுதினார். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு இரண்டு வரியில் பதில் வந்தது: விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அடுத்த தேர்வுக்கு வாழ்த்துகள். அடுத்த தேர்வு எப்போது வந்தாலும் அதற்குள் அவளுக்கு வயது தாண்டியிருக்கும். அவள் அதைப் படித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவள் போனதும் மூக்குக்காரர் பரணில் இருந்த எல்லாப் பெட்டிகளையும் இறக்கினார். மீட்டரை டிராயரிலிருந்து எடுத்து மேசை நடுவில் வைத்தார். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது வக்கீல் வந்தார், பூனை வைத்திருந்த அதே வக்கீல். கையில் ஒரு பெட்டி. கூட அவருடைய சிநேகிதர் ஒருவர்.

"இவரத்தான் சொன்னேன்" என்றார் வக்கீல் சிநேகிதரிடம். "இப்ப பாருங்க வேடிக்கைய. மோந்து சொல்லுங்க, இதுக்கு என்ன கேடு?"

மூக்குக்காரர் குனியவில்லை. "எனக்கு மூக்கு போயி எட்டு மாசத்துக்கு மேல ஆச்சு சார்" என்றார். "இப்பல்லாம் மீட்டர்தான். வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் சொல்றேன்."

வக்கீல் சிரித்தார், வழக்கமான நக்கல் என்று நினைத்து. இவர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பெட்டியை வைப்பதா எடுத்துக்கொண்டு போவதா என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வைத்துவிட்டுத்தான் போனார். இவ்வளவுதானா, இந்த ஒரு வாக்கியத்துக்காகவா என்று மூக்குக்காரருக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்காக அன்றைக்கு அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா" என்றார். அவள் நின்று அவரைப் பார்த்தாள், பிறகு மேசை மேல் இருந்த மீட்டரைப் பார்த்தாள். கையைக் காட்டச் சொன்னார். காட்டினாள். வலது கட்டைவிரல் நகத்தோரம் புதிதாக ஒரு வெடிப்பு.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள். "உங்க மேல கோவமும் இன்னும் போகல. அது சீக்கிரம் போகாது போல இருக்கு. வாய விட்டே சொல்லிடறேன், உங்களால மோந்து கண்டுபிடிக்க முடியாதில்ல."

"சொல்லு" என்றார் அவர். "தெனமும் சொல்லு."

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இந்தப் பால் கெட்டுப் போச்சு. கொட்டிடறேன், எடுத்துக் குடிச்சிடாதீங்க."